ஃபெடெக்ஸ் கோப்பை: ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகள் கடைசி நான்கு நாள்களில் எங்கே போகின்றன?

ஜீவன்பீமாநகர் கணக்கர்
26 ஆகஸ்ட் 2025, மாலை 7:40

ஞாயிறு இரவு கண் விழித்து அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானத்தில் நடந்த டூர் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றைப் பார்த்து முடித்தபோது, இங்கே பெங்களூரில் திங்கள் அதிகாலை ஆகிவிட்டது. டாமி ஃப்ளீட்வுட் நான்கு சுற்றுகளையும் 64, 63, 67, 68 என்று ஆடி, மைதானத்துக்கென வகுத்த அடிக் கணக்கான பாருக்கு 18 அடி குறைவாக முடித்து, அமெரிக்க ஆடவர் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் தம்முடைய 164ஆவது போட்டியில் முதல் வெற்றியைப் பெற்றார். அந்தத் தொடரின் ஆண்டுக் கோப்பையான ஃபெடெக்ஸ் கோப்பையும் ஒரு கோடி டாலரும் அவருக்குக் கிடைத்தன. ஆண்டுக்கணக்கில் வெற்றியின் வாசல்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்த மனிதர் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து மனம் நிறைந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுப்பும் கேள்வி அவருடைய வெற்றியைப் பற்றியதன்று.

நேற்று மாலை நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். 2019 முதல் 2024 வரை இருந்த விதிப்படி, புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் டூர் சாம்பியன்ஷிப்பைப் பாருக்கு 10 குறைவு என்ற நிலையிலிருந்தே தொடங்குவார். இரண்டாமவர் 8, மூன்றாமவர் 7, நான்காமவர் 6, ஐந்தாமவர் 5 குறைவு. அதன்பின் ஐந்தைந்து பேராக 4, 3, 2, 1 என்று இறங்கி, 26 முதல் 30 வரை உள்ளவர்கள் சலுகை இல்லாமல் சமநிலையில் தொடங்குவார்கள். இதற்கு ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரோக்ஸ் என்று பெயர். இந்த ஆண்டு அதை நீக்கி, முப்பது பேரையும் சமநிலையில் தொடங்கவைத்தார்கள். பழைய விதி நீடித்திருந்தால், பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்லர் தாம் ஆடிய 14 குறைவோடு 10 சேர்த்து 24 குறைவில் முடித்திருப்பார். ஐந்தாமிடத்தில் இருந்த ஃப்ளீட்வுட் 18 உடன் 5 சேர்த்து 23 குறைவில் முடித்திருப்பார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை கைமாறியிருக்கும். முன்னிலை எவ்வளவு என்பதை அறிந்து ஆடும்போது ஆட்டமே மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்கு என்னை விடவில்லை.

ஷெஃப்லர் இந்த ஆண்டு அதுவரை ஐந்து போட்டிகளில் வென்றிருந்தார். அவற்றில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் ஓபன் சாம்பியன்ஷிப்பும் அடக்கம். புள்ளிப்பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்த ரோரி மெக்கில்ராயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குப் புள்ளிகள் அவரிடம் இருந்தன. ஆண்டு முழுவதற்குமான கோப்பை என்று சொல்லப்படும் ஒன்றைத் தீர்மானிக்கும் நாளில் அந்தப் புள்ளிகளுக்கு எந்த எடையும் இல்லாமல் போவது முறையா? அப்படியானால் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பட்டியலை எதற்காகப் பராமரிக்கிறார்கள்?

எனக்கு இது வெறும் தொலைக்காட்சிக் கேள்வியன்று. நாங்கள் இருபத்திரண்டு தமிழர்கள் மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே உள்ள ஒரு மைதானத்தில் சேர்ந்து ஆடுகிறோம். புள்ளி நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. டிசம்பர் இறுதிப்போட்டிக்கான விதியை நான் எழுதித் தர வேண்டும். சென்ற ஆண்டு நான் எழுதிய விதியால் ஒரு வருத்தம் நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அல்சூர்வாசி
26 ஆகஸ்ட் 2025, இரவு 9:15

கணக்கர் ஐயா, நான் கிரிக்கெட் வழியாகவே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

2011 ஐபிஎல்லில் லீக் சுற்றின் முடிவில் பட்டியலில் முதலிடம் பெங்களூருக்கு, இரண்டாமிடம் சென்னைக்கு. பட்டியலில் முதலிரண்டு இடங்களில் வந்தவர்களுக்கு என்ன சலுகை கிடைத்தது என்று பாருங்கள். முதல் தகுதிச்சுற்றில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. பெங்களூர் சென்னையிடம் தோற்றது. பிறகு மும்பையை வென்று மீண்டும் இறுதிக்கு வந்தது. சேப்பாக்கத்தில் சென்னையிடமே 58 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. பெங்களூரில் வாழும் சென்னை ரசிகனாகிய எனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லீக்கில் முதலிடம் பிடித்த அணிக்கு இறுதிப்போட்டியில் முப்பது ரன்களைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கியிருந்தால், இரண்டு ஊர்க்காரர்களும் அதை ஏற்றிருக்க மாட்டார்கள்.

பட்டியலின் பயன் இறுதிக்கு வரும் பாதையை எளிதாக்குவதோடு முடிந்துவிட வேண்டும். களத்தில் இறங்கியபின் இருவரும் சுழியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 2025இல் கோல்ஃப் எடுத்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம்.

ஒயிட்ஃபீல்டு புதியவர்
26 ஆகஸ்ட் 2025, இரவு 10:02

நான் சென்ற ஆண்டுதான் கோல்ஃப் பார்க்கத் தொடங்கினேன். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டு ஒன்றை விளக்க வேண்டும். இந்தப் புள்ளிகள் எப்படிக் கிடைக்கின்றன? ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரோக்ஸ் வருவதற்கு முன் கோப்பையை எப்படித் தீர்மானித்தார்கள்?

மல்லேசுவரம் புள்ளியியல்
27 ஆகஸ்ட் 2025, காலை 6:50

தம்பி, கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள் என்ற முறையில் இந்தப் பட்டியலை ஆண்டுதோறும் கவனித்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வழக்கமான ஒரு பிஜிஏ டூர் போட்டியில் வென்றவருக்கு 500 புள்ளிகள், இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 190, நான்காமவருக்கு 135, ஐந்தாமவருக்கு 110 என்று இறங்கிக்கொண்டே போகும். ஓரிடத்தை இருவர் பகிர்ந்தால் அந்த இரண்டு இடங்களின் புள்ளிகளையும் கூட்டிச் சமமாகப் பிரிப்பார்கள். இரண்டாமிடத்தை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 245. சிக்னேச்சர் போட்டிகள் எனப்படும் பெரும் பரிசுப் போட்டிகளில் வெற்றிக்கு 700, மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளிலும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் 750. ஆகஸ்டில் முதல் 70 பேர் மெம்ஃபிஸ் நகரில் நடக்கும் செயின்ட் ஜூட் போட்டிக்குப் போகிறார்கள். அதிலிருந்து 50 பேர் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப்புக்கு. அதிலிருந்து 30 பேர் ஈஸ்ட் லேக்கிற்கு. பிளேஆஃப் எனப்படும் இந்த மூன்றில் முதலிரண்டு போட்டிகளிலும் வழக்கமான போட்டியைப் போல நான்கு மடங்குப் புள்ளிகள், அதாவது வெற்றிக்கு 2,000, இரண்டாமிடத்துக்கு 1,200.

என் முதல் மனக்குறை இந்த நான்கு மடங்கில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு ஜே. ஜே. ஸ்பான் யுஎஸ் ஓபனை வென்றார். அதற்கு அவருக்குக் கிடைத்தவை 750 புள்ளிகள். ஆகஸ்டில் மெம்ஃபிஸில் ஜஸ்டின் ரோஸிடம் கூடுதல் ஆட்டத்தில் தோற்று இரண்டாமிடம் பெற்றார்; அதற்கு 1,200. தம் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைவிட ஒரு தோல்வி அவருக்கு அதிகப் புள்ளிகளைத் தந்தது. ஆக, கணக்கர் ஐயா ‘ஆண்டு முழுவதற்குமான பட்டியல்’ என்று சொல்லும் அந்தப் பட்டியலிலேயே ஆகஸ்டின் இரண்டு வாரங்களுக்கு மிகையான எடை ஏறியிருக்கிறது. எந்தப் பட்டியலுக்கு மரியாதை கேட்கிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோப்பை தொடங்கியது 2007இல். முதல் ஆண்டில் டைகர் வுட்ஸ் முதல் பிளேஆஃப் போட்டிக்கே வரவில்லை. இருந்தும் கோப்பையை வென்றார். 2008இல் விஜய் சிங் முதலிரண்டு பிளேஆஃப் போட்டிகளையும் வென்று யாரும் எட்ட முடியாத முன்னிலையைப் பெற்றுவிட்டதால், டூர் சாம்பியன்ஷிப்பில் நான்கு சுற்றுகளையும் ஆடி முடித்தாலே போதும் என்ற நிலை வந்தது. அப்படி ஓர் இறுதிப்போட்டியை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எனவே 2009இல் இறுதிப்போட்டிக்குச் சற்று முன்பாகப் புள்ளிகளைச் சுருக்கி மறுசீரமைத்தார்கள். முதல் ஐவரில் யார் ஈஸ்ட் லேக்கில் வென்றாலும் கோப்பை அவருக்கே உறுதி. முப்பதாமவருக்கும் கணக்களவில் ஒரு வாய்ப்பு உண்டு.

அதன் விளைவு, ஒரே மாலையில் இரண்டு வெற்றியாளர்கள். 2009இல் ஃபில் மிக்கெல்சன் போட்டியை வென்றார், கோப்பை வுட்ஸுக்குப் போயிற்று. 2017இல் போட்டி சாண்டர் ஷாஃபெலேவுக்கு, கோப்பை ஜஸ்டின் தாமஸுக்கு. 2018இல் முதுகு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் மீண்டுவந்த வுட்ஸ் தம் 80ஆவது வெற்றியைப் பெற்று, மக்கள் வெள்ளம் அவரைச் சூழ்ந்து 18ஆவது குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன்வரை நடந்த அதே நேரத்தில், ஜஸ்டின் ரோஸ் அந்தக் கடைசிக் குழியில் பர்டி, அதாவது பாருக்கு ஓர் அடி குறைவாக அடித்துக் கோப்பையைப் பெற்றார். அந்த மாலையை நினைவில் வைத்திருக்கும் எத்தனை பேருக்குக் கோப்பை ரோஸுடையது என்பது நினைவிருக்கும்? 2011இல் பில் ஹாஸ் 25ஆமிடத்திலிருந்து வந்து கூடுதல் ஆட்டத்தில் வென்றார். போட்டியோடு ஃபெடெக்ஸ் கோப்பையும் தமக்கே வந்துவிட்டது என்பது அவருக்கே உடனடியாகத் தெரியவில்லை. ஆடுபவருக்கே விளங்காத ஒரு கணக்கைப் பார்வையாளர்மேல் சுமத்தக் கூடாது என்றுதான் 2019இல் அடிகளாக மாற்றினார்கள்.

ஜீவன்பீமாநகர் கணக்கர்
27 ஆகஸ்ட் 2025, இரவு 8:30

அம்மா, ஸ்பானுடைய கணக்கை நான் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. நான்கு மடங்கைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனாலும் அது எடையைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கான காரணமாகிறதே தவிர, எடையே வேண்டாம் என்பதற்கான காரணமாகாது.

அல்சூர்வாசி சொன்ன முப்பது ரன் உவமை வலுவானது. எனினும் கோல்ஃபில் இரண்டாவது வாய்ப்பு என்ற சலுகையைத் தர வழியில்லை. முப்பது பேர் ஒரே மைதானத்தில் ஒரே நான்கு நாள்கள் ஆடுகிறார்கள். ரோரி மெக்கில்ராய் இந்த ஆண்டு மெம்ஃபிஸுக்கே போகாமல் ஓய்வெடுத்தார். பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்ததால் அவருக்கு எந்தப் பாதிப்பும் நேரவில்லை. அவர் தாமே எடுத்துக்கொண்ட சலுகை அதுதான். நாக்-அவுட் சுற்றுகளில் முதலிடம் பெற்றவருக்குத் தரும் சலுகைக்கு இணையாகக் கோல்ஃபில் தரக்கூடியது சில அடிகள் மட்டும்தான். அப்படித்தான் சென்ற ஆண்டு நானும் எண்ணினேன்.

சென்ற டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து மாதப் புள்ளிகளின்படி எங்கள் குழுவின் முதலாமவருக்கு 5 அடி, அடுத்தவர்களுக்கு 4, 3, 2 என்று குறைத்து, பதினோராம் இடத்தில் இருந்தவருக்கு 1 அடி என்று சலுகை எழுதியிருந்தேன். அந்தப் பதினோராமவர் அன்று தம் வாழ்நாளிலேயே மிக நன்றாக ஆடினார். ஹேண்டிகேப் (திறனுக்கேற்பத் தரும் அடிக் கழிவு) கழித்து 70. புள்ளிகளில் முதலாமவர் ஹேண்டிகேப் கழித்து 73. சலுகையைக் கழித்தபின் ஒருவருக்கு 69, மற்றவருக்கு 68. விதிப்படி கோப்பையை 73 அடித்தவரிடம் கொடுத்தேன். அட்டையில் தம் கையொப்பத்துக்கு மேலே பென்சிலால் எழுதிய 70ஐ நண்பர் ஒருமுறை பார்த்தார். அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் புறப்பட்டார். இந்த ஆண்டு அவர் ஒரு மாதம்கூட ஆட வரவில்லை. விதியை நான்தான் எழுதினேன். அவர் அதை முன்னரே படித்து ஒப்புக்கொண்டவர்தான். அப்படியும் என் மனம் ஆறவில்லை.

மல்லேசுவரம் புள்ளியியல்
27 ஆகஸ்ட் 2025, இரவு 10:20

ஐயா, நீங்கள் தந்த எண்களிலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஹேண்டிகேப் என்பது திறன் குறைந்தவருக்கு அடிகளைத் தந்து அவரை வல்லவரோடு ஒரே தளத்தில் நிறுத்துவது. உங்கள் சலுகையோ ஆண்டு முழுவதும் நன்றாக ஆடியவருக்கு அடிகளைத் தருவது. ஒரே அட்டையில் இவை இரண்டையும் கழித்தால், முதல் கழித்தல் செய்த நியாயத்தை இரண்டாவது கழித்தல் கலைத்துவிடுகிறது. உங்கள் நண்பர் அந்த நான்காக மடித்த அட்டையில் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தொழில்முறை ஆட்டத்தில் ஹேண்டிகேப் இல்லை. அதனால் இந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரோக்ஸ் முறை புள்ளிகளின் அளவைப் பார்ப்பதே இல்லை, இடத்தின் வரிசையை மட்டும் பார்க்கும். இரண்டாமவரைவிட ஏறத்தாழ இரு மடங்குப் புள்ளிகள் சேர்த்த ஷெஃப்லருக்கும், ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடிக்கும் இன்னொருவருக்கும் அந்த முறையில் கிடைப்பது அதே இரண்டடி முன்னிலைதான். ஆண்டின் உழைப்புக்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டே அந்த உழைப்பின் அளவை அது தூக்கியெறிந்தது.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஷெஃப்லர் 30 குறைவு என்று முடித்துக் கோப்பையையும் இரண்டரைக் கோடி டாலரையும் பெற்றார். காலின் மோரிகாவா 26 குறைவில் இரண்டாமிடம். ஷெஃப்லர் 10இல் தொடங்கினார், மோரிகாவா 4இல் தொடங்கினார். அந்த நான்கு நாள்களில் மைதானத்தில் அடித்ததை மட்டும் எண்ணினால் ஷெஃப்லர் 20 குறைவு, மோரிகாவா 22 குறைவு. எண்ணிக்கைப் பலகையில் காட்டப்பட்ட எண், அந்த வாரம் எவரும் அடிக்காத எண். எத்தனை அடிகளில் குழியை முடித்தாய் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்காத ஆட்டத்தில் அது எனக்குப் பெரும் உறுத்தலாகவே இருந்தது.

அல்சூர்வாசி
28 ஆகஸ்ட் 2025, காலை 8:05

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022இல் மெக்கில்ராய் ஷெஃப்லரைவிட ஆறடி பின்தங்கிப் போட்டியைத் தொடங்கினார். முதல் குழியிலேயே மும்மடங்கு போகி, அதாவது பாரைவிட மூன்றடி அதிகம். கடைசி நாளிலும் ஆறடி பின்னாலிருந்து தொடங்கி வென்றார். ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரோக்ஸ் தந்த நல்ல நாடகம் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாடகத்தில் பாதி அவருடைய மும்மடங்கு போகியும் மீட்சியும். விதியின் பங்கு மீதிதான்.

பழைய கேடி
28 ஆகஸ்ட் 2025, இரவு 9:45

எல்லோரும் முதலிடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சிறுவயதில் இந்த ஊர் மைதானத்தில் கேடியாகப் பை சுமந்து, பின்னர் பல ஆண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் சுமந்தவன். புள்ளிப்பட்டியலின் உயிர் அதன் தலையில் இல்லை, கோடுகளில் இருக்கிறது என்பதே நான் கண்டது.

எழுபதாம் இடம், ஐம்பதாம் இடம், முப்பதாம் இடம், இப்போது நூறாம் இடம். எழுபதுக்குள் வராவிட்டால் பிளேஆஃப் கிடையாது. ஐம்பதுக்குள் வந்தால் அடுத்த ஆண்டின் எல்லா சிக்னேச்சர் போட்டிகளிலும் இடம் உறுதி. இந்த ஆண்டு அவை எட்டு, பெரும்பாலானவற்றில் பரிசுத்தொகை இரண்டு கோடி டாலர். ஐம்பத்தொன்றாமவர் அந்த உறுதியை இழந்து இலையுதிர்காலப் போட்டிகளில் அலைய வேண்டும். டூரில் ஆடும் முழு உரிமை அட்டை முன்பு 125 பேருக்கு இருந்தது. இந்த ஆண்டு முடிவில் 100 பேருக்கு மட்டும்தான். ஷெஃப்லர் கோப்பையை இழந்தாலும் ஷெஃப்லர்தான். ஐம்பதாம் இடத்துக்கும் ஐம்பத்தொன்றாம் இடத்துக்கும் இடையில் இருப்பவருக்கு, பிஎம்டபிள்யூவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டில் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியில்) அடுத்த ஆண்டின் வாழ்க்கை மாறுகிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், உள்நாட்டுப் போட்டி ஒன்றின் கடைசி நாள், கடைசி கிரீன். என்னுடைய ஆட்டக்காரர் வெற்றிக்குப் பக்கத்தில்கூட இல்லை; இருபதாவது இடமோ என்னவோ. ஆனால் அடுத்த ஆண்டு தகுதிச்சுற்றுக்குப் போகாமல் நேரடியாக ஆட அவருக்கு அந்த ஒரு பட் தேவை. மூன்றடித் தூரம். நான் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர் பந்துக்குப் பின்னால் வைத்திருந்த காசை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். கையுறையைக் கழற்றிய இடது கையின் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். பந்து விளிம்பைச் சுற்றிவந்து உள்ளே விழுந்தது. பார்வையாளர் ஒருவரும் கைதட்டவில்லை, ஏனென்றால் அங்கே யாருமே இல்லை. அவர் என் தோளில் கைவைத்து வெகு நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஆகவே கணக்கர் அண்ணா, ‘ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பட்டியல் எதற்கு’ என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: அந்த மூன்றடிப் பட்டுக்காக. கோப்பைக்கு எடை போடாவிட்டாலும் பட்டியல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு புதியவர்
29 ஆகஸ்ட் 2025, காலை 7:30

பழைய கேடி ஐயாவின் பதிவைப் படித்தபின், இனிமேல் பிளேஆஃப் பார்க்கும்போது நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை உள்ள பெயர்களைக் கவனிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பெண்கள் ஆட்டத்தில் என்ன முறை? நம் ஊர் அதிதி அசோக் ஆடும் எல்பிஜிஏவிலும் இப்படிக் குழப்பம் உண்டா?

மல்லேசுவரம் புள்ளியியல்
29 ஆகஸ்ட் 2025, இரவு 8:55

எல்பிஜிஏ இதை 2019இலேயே தீர்த்துக்கொண்டது. ஆண்டு முழுவதும் ரேஸ் டு சிஎம்ஈ குளோப் என்ற பட்டியலில் புள்ளிகள் சேர்கின்றன. முதல் 60 பேர் இறுதிப்போட்டிக்குப் போகிறார்கள். அங்கே புள்ளிகள் எதையும் எடுத்துச்செல்வதில்லை. நான்கு நாள்களில் வென்றவருக்கே பட்டம். 2024இல் அந்த ஒரு போட்டியின் முதல் பரிசு 40 லட்சம் டாலராக உயர்ந்தது. தாய்லாந்தின் ஜீனோ திதிகுல் பெற்றார். ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற விருதுக்கு அவர்கள் தனியாக ஒரு புள்ளிக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆடவர் டூரில் ஆண்டின் சிறந்த வீரரை உடன் ஆடும் வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான்கு சுற்றுகள் என்பது மிகச் சிறிய மாதிரி. உலகின் முதல் வீரரும்கூடப் பெரும்பாலான வாரங்களில் தோற்கிறார். ஆண்டின் சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு நான்கு நாள்களால் விடை சொல்ல முடியாது. எத்தனை அடி சலுகை கொடுத்தாலும் முடியாது. அந்தக் கேள்வியை அந்தப் போட்டியிடம் கேட்காமல் இருந்தால், போட்டி தன்னளவில் நேர்மையாக நடக்கும்.

ஜீவன்பீமாநகர் கணக்கர்
30 ஆகஸ்ட் 2025, மாலை 6:10

நான் இன்னும் முழுவதும் இணங்கவில்லை. ‘ஃபெடெக்ஸ் கோப்பை சாம்பியன்’ என்ற சொல்லை ஆண்டின் சாம்பியன் என்ற பொருளில்தான் பதினெட்டு ஆண்டுகளாக நமக்கு விற்றுவருகிறார்கள். இனிமேல் அது ஓர் இறுதிப்போட்டியின் பெயர் மட்டும்தான் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே கோப்பையை இரண்டு பொருளில் வழங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அம்மா சொன்ன ஹேண்டிகேப் முரணுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் குழுவில் சலுகை அடிகளை நீக்கிவிடுகிறேன் என்று இன்றே எழுதிவைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

அல்சூர்வாசி
17 நவம்பர் 2025, காலை 9:20

இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்று துபாயில் நடந்ததைப் பார்த்தீர்களா? ஐரோப்பிய டூரின் ஆண்டு இறுதிப்போட்டியான டிபி வேர்ல்டு டூர் சாம்பியன்ஷிப்பில் மேட் ஃபிட்ஸ்பேட்ரிக் கூடுதல் ஆட்டத்தில் மெக்கில்ராயை வென்றார். அதே மாலையில், ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளின்படி ரேஸ் டு துபாய் பட்டத்தை மெக்கில்ராய் ஏழாவது முறையாகப் பெற்றார். போட்டிக்கு ஒரு கோப்பை, ஆண்டுக்கு ஒரு கோப்பை. 2018இல் ஈஸ்ட் லேக்கில் குழப்பமாகத் தோன்றிய அதே காட்சி இங்கே ஏன் இயல்பாகத் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கேடி
17 நவம்பர் 2025, இரவு 9:00

ஐரோப்பாவில் ஆண்டின் பட்டியலில் முதலிடம் என்பதற்கு ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பெயரில் நெடுங்காலமாக மதிப்பு உண்டு. காலின் மாண்ட்கோமரி எட்டு முறை முதலிடம் என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நம் ஊரிலும் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூரான பிஜிடிஐயில் ஆண்டின் முதலிடத்தை அப்படித்தான் சொல்வோம். அது கடைசி வாரத்தின் பரிசாக வந்ததில்லை. அதனால் கடைசி வாரத்தோடு போட்டி போடவும் இல்லை. ஈஸ்ட் லேக்கில் போட்டியையும் ஆண்டுக் கோப்பையையும் ஒரே மேடையில் ஏற்றி, ஆண்டுக் கோப்பையைத்தான் பெரிது என்று பணத்தால் சொன்னார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது.

ஜீவன்பீமாநகர் கணக்கர்
30 நவம்பர் 2025, இரவு 7:25

எங்கள் குழுவின் விதியை எழுதி முடித்துவிட்டேன். இந்த இழைக்கு நான் கடன்பட்டிருப்பதால் இங்கும் பதிவிடுகிறேன்.

பத்து மாதப் புள்ளிகளில் முதலிடம் பெற்றவருக்கு, நவம்பர் ஆட்டம் முடிந்த அன்றே, இறுதிப்போட்டிக்கு முன்பாகவே, பட்டம் வழங்கியாயிற்று; அவர் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டோம். எங்கள் எல்லா மாத ஆட்டங்களுக்கும் இனி ஒரே புள்ளி அளவு. எந்த மாதத்துக்கும் நான்கு மடங்கு கிடையாது. டிசம்பர் 14, ஞாயிறு இறுதிப்போட்டியில் ஹேண்டிகேப் கழித்த எண்ணிக்கை மட்டும் செல்லும். சலுகை அடி இல்லை. புள்ளிகளின் வரிசைப்படி ஒவ்வொருவரும் தாம் யாரோடு ஆட விரும்புகிறார் என்பதையும் எத்தனை மணிக்குத் தொடங்க விரும்புகிறார் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலுக்கு நான் தர முடிந்த சலுகை அவ்வளவுதான். பனி விலகிய பின் ஆடுவது என்ன சலுகை என்று டிசம்பர் காலையில் ஆடியவர்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு 70 அடித்த நண்பருக்குப் போன வாரம் தொலைபேசியில் பேசினேன். விதி தவறு என்பதையும், அதை எழுதியவன் நான் என்பதையும் சொன்னேன். இந்த ஆண்டு அவருக்குப் புள்ளிகளே இல்லாததால் தேர்வில் கடைசியாகத்தான் வர முடியும். எஞ்சியிருந்தது காலை 6:40 மட்டும். பந்து தெரியாத அளவுக்குப் பனி இருக்குமே என்றேன். பரவாயில்லை, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.